சுட்ட சதை உள்ளே அழுகாதா?

கேள்வி – 4 மார்ச் 2025

வீட்டுக்காரருக்கு வயது 52. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கிற நோய். மூன்று வாரத்துக்கு முன்னால் கதீட்டர் அப்லேஷன் செய்தார்கள், மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டுச் சுடுவதாம். "நல்லபடியா முடிஞ்சுது, நாலு சிரையும் பிளாக் ஆயிடுச்சு" என்று டாக்டர் சொன்னார். பன்னிரண்டாம் நாள் ராத்திரி மறுபடி அதே படபடப்பு, நாலு மணி நேரம் நிற்கவில்லை. அப்புறம் தானாக அடங்கியது. மாமியார் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: "நெஞ்சுக்குள்ள சுட்டா அந்தச் சதை செத்துப்போகுமில்ல? அது உள்ளயே கெடந்து அழுகாதா?" அழுகாது என்றால் அது எங்கே போகும்? படபடப்பு திரும்ப வருகிறது என்றால் எதற்குச் சுட்டார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு 10.40

உங்கள் மாமியாருக்கு என் கும்பிடு. மூன்று முறை அந்த மேசையில் படுத்த எனக்கே இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

நான் டாக்டர் கிடையாது. கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, முப்பது வருஷமாக. 2009-ல் எஸ்விடிக்கு (இதயம் திடீரென்று வேகமெடுக்கிற இன்னொரு கோளாறு) ஒரு தடவை, 2021-ல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஒரு தடவை, 2022-ல் அதே வேலையைத் திரும்ப ஒரு தடவை. தெரிந்ததெல்லாம் படுக்கையில் கிடந்தபோது படித்ததும், டாக்டரைக் குடைந்து கேட்டதும்தான். மாத்திரை விஷயத்தில் என் பேச்சைக் கேட்டு எதையும் மாற்ற வேண்டாம்.

அழுகாது. அழுகக் கிருமி வேண்டும். இங்கே கிருமி போகாதபடி பார்த்துத்தான் தொடை வழியாகக் கதீட்டரை விடுகிறார்கள். செத்த செல்லை உடம்பே தின்றுவிடும். முதல் சில நாள் வெள்ளை அணுக்கள் வந்து மொய்க்கும், பின்னாலேயே துப்புரவு செல்கள் வந்து குப்பையை அள்ளும், காலியான இடத்தில் கொலாஜன் நார் நிரம்பும். சில வாரத்தில் அது கெட்டியான தழும்பு. மாரடைப்பு வந்த இதயத்திலும் செத்த தசைக்கு இதே கதிதான். அங்கே அது கேட்காமல் வந்தது, இங்கே இடம் பார்த்து, சில மில்லிமீட்டர் அளவில் நாமே வரவழைப்பது.

அந்தத் தழும்புக்காகத்தான் இத்தனை பாடும். இதயத் தசையில் கரண்ட் ஓடும், தழும்பில் ஓடாது. டாக்டர் சொன்ன "பிளாக்" அதுதான்: நுரையீரலிலிருந்து வரும் சிரையைத் தாண்டி இதயத்துக்குள் கரண்ட் வரவில்லை, ரத்தம் வழக்கம்போல் ஓடும். எங்கள் தொழிலில் மோட்டார் ஸ்லாட்டுக்குள் காயில் இறக்கும் முன் கரண்ட் தாண்டாதபடி பேப்பர் போடுவோமே, அந்த மாதிரி.

பன்னிரண்டாம் நாள் படபடப்புக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் வருவதைத் தோல்விக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மீதி நாளைக்கு.

5 மார்ச், காலை

எவ்வளவு சூடு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 50 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரம்தான். அதற்கு மேல் போனால் தசைச் செல் திரும்பி வராது. அதற்குக் கீழே மயக்கம் போட்ட மாதிரி கிடந்துவிட்டு எழுந்துகொள்ளும். கதீட்டர் நுனி தோசைக்கல் மாதிரி சூடாகி, தொட்ட இடத்தை வேக வைக்கிறது.

100 டிகிரியைத் தொட்டால் வம்பு. தசைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி வெடிக்கும். "ஸ்டீம் பாப்" என்பார்கள். சத்தமே கேட்குமாம்.

5 மார்ச், மாலை

இந்த வேலை நடக்கிற அறையான கேத் லேபின் டெக்னீஷியன் ஒருவர் தனிச்செய்தியில் என் தோசைக்கல்லைக் கவிழ்த்துவிட்டார். "அண்ணே, மோட்டார் கட்டுற நீங்களே இப்படி எழுதலாமா" என்று ஆரம்பித்திருந்தார். வெட்கமாகப் போய்விட்டது. சரி, திருத்துகிறேன்.

கதீட்டர் நுனியில் ஹீட்டர் எதுவும் இல்லை. நுனிக்கும் முதுகிலோ தொடையிலோ ஒட்டியிருக்கும் பெரிய தகட்டுக்கும் நடுவே மாறுமின்சாரம் ஓடுகிறது, வினாடிக்கு ஏறக்குறைய 5 லட்சம் சுற்று. அவ்வளவு வேகத்துக்குத் தசை துள்ளாது, சூடு மட்டும் ஆகும். தகடு அகலம் என்பதால் அங்கே கரண்ட் பரந்து போய்விடும். நுனி 4 மில்லிமீட்டர், அங்கே மொத்தமும் நெருக்கியடிக்கும். தசையே ரெசிஸ்டராகி, தானே சூடாகிறது. அந்தச் சூடுதான் நுனிக்கு ஏறுகிறதே தவிர, நுனியிலிருந்து தசைக்கு இறங்கவில்லை. தோசைக்கல்லை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பை வையுங்கள், அதில் பாத்திரம்தான் சூடாகும். அதுவும் அச்சாகப் பொருந்தாது, இருந்தாலும் தோசைக்கல்லுக்குத் தேவலை.

இன்னொன்றும் சொன்னார். இப்படி நேரடியாகச் சூடாவது நுனியை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும். தூரம் கூடக் கூடச் சூடு மடமடவென்று விழுந்துவிடும். அதற்கு ஆழத்தில் இருப்பதெல்லாம் பக்கத்துச் சூட்டைக் கடன் வாங்கி மெதுவாக வேகிறது. அதனால்தான் ஒரே இடத்தில் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று பிடிக்கிறார்கள். கரண்டை நிறுத்திய பிறகும் ஆழத்தில் சில வினாடி சூடு ஏறிக்கொண்டே இருக்கும், அடுப்பை அணைத்த பிறகும் பொங்குகிற பால் மாதிரி.

6 மார்ச்

நேற்றையதில் ஒன்று விட்டுப்போச்சு. இப்போதெல்லாம் நுனியில் பொடித் துளைகள் இருக்கும், அதன் வழியே உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே சுடுகிறார்கள். நுனி குளிர்ந்திருந்தால் ரத்தம் அதில் கரிந்து ஒட்டாது. ஒட்டினால் அந்தக் கரி பிய்ந்து மூளைக்குப் போகலாம்.

ஆனால் இதில் ஒரு கள்ளம் இருக்கிறது. மேல்பரப்பு குளிர்ந்துவிடுவதால் அதிகபட்சச் சூடு அதற்குக் கொஞ்சம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நுனியில் இருக்கும் தெர்மாமீட்டர் 40 காட்டும்போது உள்ளே கொதித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே அதை நம்பாமல் தசையின் மின்தடை எத்தனை ஓம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். தசை சூடேறினால் ஓம் இறங்கும். கம்பி சூடேறினால் ஓம் ஏறும் என்று முப்பது வருஷமாகப் பார்த்தவனுக்கு இது தலைகீழாகத்தான் இருந்தது. உடம்பில் கரண்டைச் சுமப்பது உப்புநீர், உலோகம் இல்லையே. திடீரென்று ஓம் ஏறினால் கரி பிடிக்கிறது, நிறுத்து என்று அர்த்தம்.

பீய்ச்சிய உப்புநீர் எங்கே போகும்? ரத்தத்துக்குள்தான். 2021-ல் எனக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் காலையில் மனைவி பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பின மாதிரி கன்னமெல்லாம் உப்பியிருக்கே" என்றாள். நீர் பிரிய ஊசி போட்டார்கள். அன்று முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடைதான்.

9 மார்ச்

இன்று ஞாயிறு, பட்டறை லீவு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டேபிளில் பிளாக் ஆனது பன்னிரண்டாம் நாள் எப்படித் திறந்துகொண்டது?

சுட்ட இடத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளிறிப்போன செத்த பகுதி. அதைச் சுற்றி ரத்தம் கசிந்த சிவப்பு விளிம்பு. அதற்கும் வெளியே வீங்கிய தசை. இந்த வெளிவட்டத்துச் செல்கள் சாகவில்லை. சூடு பட்டு, நீர் கோத்து, மிரண்டுபோய் வேலையை நிறுத்தியிருக்கின்றன. ஆனால் டேபிளில் இருக்கும் டாக்டரின் திரையில் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். கரண்ட் போகவில்லை, பிளாக்.

சில நாளில் வீக்கம் வடிகிறது. மிரண்ட செல்கள் தெளிந்து எழுந்துகொள்கின்றன. புள்ளி புள்ளியாக வைத்த சூட்டில் இரண்டு புள்ளிக்கு நடுவே இருந்தது வெறும் வீக்கம் என்றால், அந்த இடுக்கு வழியே கரண்ட் மறுபடி கசியும்.

எங்கள் பட்டறையில் காயிலை வார்னிஷில் முக்கி எடுத்ததும் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர்) வைத்தால் ஊசி எழும்பாது. ஓவனில் வைத்துக் காய்ந்த பிறகுதான் நல்ல ரீடிங் வரும். ஈரம் இருந்தால் வேலை கெட்டுவிட்ட மாதிரி பொய் சொல்லும். இதயத்தில் நேர்மாறு. ஈரமாக இருக்கும்போது வேலை முடிந்த மாதிரி காட்டும், காய்ந்த பிறகுதான் ஓட்டை தெரியும். என் பக்கத்துப் பொய் நல்லது, இன்னொரு தடவை காயவைத்தால் தீர்ந்தது. டாக்டர் பக்கத்துப் பொய் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இது அவர்களுக்கும் தெரியும். பிளாக் ஆனதும் இருபது முப்பது நிமிஷம் காத்திருந்து பார்ப்பார்கள், அடினோசின் ஊசி போட்டுத் தூங்குகிற இழையை உசுப்பியும் பார்ப்பார்கள். ஆனால் வீக்கம் வடிய நாள்கணக்கு ஆகும். அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட முடியாது.

உங்கள் வீட்டுக்காரருக்கு இடுக்குதான் திறந்தது என்று நான் சொல்லவில்லை. சுட்ட புண்ணின் எரிச்சலே மேலறையைச் சீண்டிப் படபடப்பைக் கிளப்பும். புண் ஆறினால் அதுவும் அடங்கிவிடும். இரண்டில் எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

9 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

"நுரையீரல் சிரையை எதற்குச் சுட வேண்டும், நோய் இதயத்தில்தானே" என்று ஒரு தம்பி. நுரையீரலிலிருந்து ரத்தம் இடது மேலறைக்கு வரும் வழி அந்த நாலு சிரை. இதயத் தசை அங்கேயே நிற்காமல் சட்டைக் கை மாதிரி சிரையின் மேல் கொஞ்ச தூரம் ஏறியிருக்கும். அந்தக் கைக்குள்ளிருந்துதான் தாறுமாறான பொறி பறக்கிறது என்று பிரான்சில் போர்தோ நகரத்து மிஷெல் ஹாய்சகேர் குழு 1998-ல் காட்டியது. 45 நோயாளிகள், 69 பொறி மையங்கள், அதில் 94 சதவீதம் சிரைகளுக்குள்.

உடனே எல்லோரும் சிரைக்குள்ளேயே போய்ச் சுட்டார்கள். சூட்டில் கொலாஜன் சுருங்கும். சுருங்கினால் சிரை குறுகும். சில மாதம் கழித்து மூச்சு வாங்கும், இருமலில் ரத்தம் வரும். நிமோனியா என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்ததும் உண்டு. அதற்கப்புறம்தான் சிரைக்குள் போகாமல் வாசலுக்கு வெளியே, மேலறைப் பக்கம், வட்டம் போட ஆரம்பித்தார்கள். பொறி பறந்தால் பறக்கட்டும், வாசல் தாண்டக் கூடாது.

11 மார்ச்

டிரோபோனின். அப்லேஷன் முடிந்த மறுநாள் யாராவது அந்த டெஸ்ட் எடுத்தால் எகிறியிருக்கும், பதறாதீர்கள். இதயத் தசை செத்தால் ரத்தத்தில் கசிகிற பொருள் அது. காசு கொடுத்துக் கொன்றால் கசியத்தானே செய்யும்.

15 மார்ச்

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். சிரிப்பும் மெக்கரும் என்று சுற்றிக்கொண்டிருந்துவிட்டேன்.

இடது மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். அதை ஒட்டினாற்போல் உணவுக்குழாய் இறங்குகிறது. பின்சுவரில் சுடும்போது சூடு அங்கே நிற்காமல் உணவுக்குழாய்க்கும் தாவலாம். டாக்டர்கள் அங்கே வாட்டைக் குறைத்துச் சுடுவார்கள், உணவுக்குழாய்க்குள் வெப்பமானி விட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இருந்தும் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு அந்தப் புண் நாள்பட ஆழமாகி, உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவே துளை விழுகிறது. மிக அபூர்வம். ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை.

அது உடனே வருவதில்லை, அங்கேதான் ஆள் ஏமாறுவது. பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள், சிலருக்கு இரண்டு மாதம் வரைகூட. காய்ச்சல், நெஞ்சு வலி, விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி, கை கால் இழுப்பது, பேச்சுக் குழறல். இதில் எது வந்தாலும் அப்லேஷன் செய்த இடத்துக்கே போன் போட வேண்டும், நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி கூடாது. அதில் காற்றை ஊதுவார்கள், துளை இருந்தால் அந்தக் காற்று இதயத்துக்குள் போய் மூளைக்கு ஏறிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021-ல் பதினாறாம் நாள் 101 காய்ச்சல், தண்ணீர் விழுங்கினால் தொண்டைக்குக் கீழே குத்தல். பக்கத்து கிளினிக்கில் "அல்சரா இருக்கும், நாளைக்கு வெறும் வயித்துல வாங்க, எண்டோஸ்கோப்பி பாத்துரலாம்" என்றார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது, அப்லேஷன் என்றால் என்ன என்று எழுதிய தாள் எதையும் நான் காட்டவில்லை. காட்டவும் இல்லை, காட்டினாலும் பிரயோஜனமில்லை. என் டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம். அத்தனையும் ஆங்கிலம். எந்தக் கதீட்டர், எத்தனை வாட், எத்தனை நிமிஷம் எல்லாம் இருந்தது. காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மகள் எங்கேயோ படித்துவிட்டு ஓடிவந்து, "அப்பா, நாளைக்கு அங்க போகக் கூடாது" என்றாள். காலையில் சிடி எடுத்தோம். துளை இல்லை, வைரஸ் காய்ச்சல். ஆனால் அன்றைய ராத்திரியை நான் மறக்கவில்லை.

அம்மணி, உங்கள் வீட்டுக்காரர் இப்போது ஐந்தாவது வாரத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். பயமுறுத்த எழுதவில்லை. அந்தத் தாளில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

16 மார்ச்

முதல் நாள் நான் எழுதிய "மூன்று மாதம்" பழைய கணக்கு என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். 2024-ல் வந்த சர்வதேச நிபுணர்களின் அறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்துவிட்டது. புண் ஆறித் தழும்பாக அவ்வளவு போதும், அதற்குப் பிறகும் வந்தால் எரிச்சலின் மேல் பழி போட முடியாது என்பது அவர்கள் நியாயம். என் டாக்டர் இன்னும் மூன்று மாதம் என்றுதான் வாயில் சொல்கிறார். பழக்கம்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைக்கு இதைக் கணக்கு வைக்காதீர்கள். சுட்ட பரப்பு சொரசொரப்பாக இருக்கும்வரை அதில் ரத்தம் கட்டும். படபடப்பு இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம்.

28 மார்ச்

ஒரு மாதிரி விநோதமான விஷயம். அப்லேஷனுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு நாடி 62. அதற்குப் பிறகு 76, 78. நாலு மாதமாகக் குறையவில்லை. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் ஒரே சண்டை. டாக்டர் சிரித்தார்.

சிரை வாசலைச் சுற்றி, இதயத்தின் வெளிப்பரப்பில், கொழுப்புக்குள் நரம்பு முடிச்சுகள் புதைந்திருக்கின்றன. மூளையிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று உத்தரவு வருகிற கம்பி அது. வாசலைச் சுடும்போது அதுவும் கொஞ்சம் கருகுகிறது. பிரேக் கேபிள் தளர்ந்த வண்டி மாதிரி நாடி பத்து பதினைந்து கூடிவிடுகிறது. பெரும்பாலும் தொந்தரவு இல்லை. எனக்கு இன்று 70. நரம்பு மறுபடி முளைத்ததா, நான்தான் நாடி பிடித்துப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

2 ஏப்ரல்

"கூடுதலாக நாலு சூடு வைத்துவிட்டால் என்ன, மறுபடி படுக்க வேண்டாமே" – இதை நானே 2022-ல் டாக்டரிடம் கேட்டேன். வந்தது வந்துவிட்டோம், இன்னொரு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள் என்கிற தொனியில்.

விடாமல் தொடரும் வகை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டார் ஏஎஃப் 2 என்கிற ஆய்வு, 589 பேர், 2015-ல் முடிவு வந்தது. சிரை வாசல் மட்டும் சுட்டவர்களுக்கும், அதோடு மேலறையில் கூடுதலாகக் கோடு இழுத்தவர்களுக்கும், கூடுதல் புள்ளி வைத்தவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. கூடுதலாகச் சுட்டதில் லாபமே இல்லை.

நஷ்டம் இருக்கிறது. மேலறை என்பது வெறும் ஒயர் பெட்டி இல்லை, ரத்தத்தை வாங்கி விரிந்துகொடுக்கிற பை. தழும்பு கரண்டையும் கடத்தாது, விரியவும் விரியாது. அளவுக்கு மீறித் தழும்பானால் பை விறைத்துப்போய், வருகிற ரத்தத்தின் அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பும். தாளம் ஒழுங்காக இருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டர் என்னிடம் சொன்னது: "உங்க மோட்டார் மூச்சு விடுமா?" அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

2 ஏப்ரல், பின்குறிப்பு

அந்த 2022 வேலையில் கண்டது: நாலில் இரண்டு சிரை திறந்திருந்தது. ஒரு இடுக்கு, இடது சிரைகளுக்கும் முன்பக்கத்து ஊதுபை போன்ற அறைக்கும் நடுவே இருக்கிற வரப்பில். அங்கே தசை தடிமன், கதீட்டர் வழுக்கும். பத்து கிராம் அழுத்தம்கூட நிலையாகக் கிடைக்காவிட்டால் சூடு ஆழம் போகாது. முதல் முறை வீங்கி அடைத்துக்கொண்டு நல்ல பிள்ளை வேஷம் போட்டது அந்த வரப்புதான்.

13 ஏப்ரல்

எஸ்விடிக்காரர்கள் இருவர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கதை வேறு, என்னுடையது மாதிரி வலது பக்கத்து வகை என்றால் உணவுக்குழாய் கதையெல்லாம் உங்களுக்கு இல்லை. என் 2009 அப்லேஷன் ஒரு மணி நேரம், வலது பக்கம், சில புள்ளி, அதோடு சரி. இன்றுவரை திரும்பவில்லை.

அதில் ஒரே கவலை அக்கம்பக்கம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற ஒரே பாலம் ஏவி நோடு. எனக்கு வந்த வகையில் கரண்ட் வட்டமடிக்க உதவுகிற மெதுவான பாதை ஒன்று உண்டு, அதைத்தான் சுட வேண்டும், அது நோடுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி. தவறி நோடு கருகினால் ஆயுசுக்கும் பேஸ்மேக்கர். அது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சரியான இடத்தில் சூடு பட்டால் நோடுக்குப் பக்கத்துத் திசு எரிச்சலில் நாலைந்து துடிப்பைத் தானாக விடும். அதைத் திரையில் பார்த்துத்தான் "ம், இடம் சரி" என்பார்கள். எனக்கு அந்த நேரம் கழுத்தில் தவளை குதித்தது போல் இருந்தது.

நோடும் அந்தப் பாதையும் இருக்கிற முக்கோண இடத்துக்குக் காக் முக்கோணம் என்று பேர். டிபி கிருமியைக் கண்டுபிடித்த காக் இல்லை, இவர் வேறு காக். நான் பத்து வருஷம் தப்பாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

குழந்தைகளுக்கு அந்த இடத்தில் சுடாமல் உறைய வைப்பது உண்டு. மைனஸ் 30 வரை குளிர்வித்துப் பார்த்து, ஏவி நோடு முரண்டு பிடித்தால் விட்டுவிடலாம், திசு பழையபடி ஆகிவிடும். சரி என்றால் மைனஸ் 70க்கு இறக்கிக் கொல்வது. ஐஸ் கட்டியில் நாக்கு ஒட்டுவது மாதிரி கதீட்டர் தசையோடு ஒட்டிக்கொள்வதால் வழுக்காது. சூட்டில் கிடைக்காத சௌகரியம் இது.

26 ஏப்ரல்

சூட்டுக்குப் பதில் மின் அடியால் செல்லைக் கொல்கிற, புதிதாக வந்திருக்கும் பல்ஸ்டு ஃபீல்டு பற்றிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். அதைச் சொல்ல 1982-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் அமெரிக்காவில் ஷைன்மன் குழுவும் கலாகர் குழுவும் மார்பைத் திறக்காமல், கதீட்டர் வழியாக ஏவி நோடைத் துண்டித்துக் காட்டினார்கள். கருவி? ஷாக் கொடுக்கிற டிஃபிப்ரிலேட்டர்தான். அதன் ஒரு முனையைக் கதீட்டரில் மாட்டி ஒரே அடி. நுனியில் மின்பொறி பறந்து, ரத்தத்தில் குமிழி வெடித்து, அந்த அதிர்ச்சி தசையைக் கிழிக்கவும் கூடும். பட்டறையில் ஃபிளாஷ் ஓவர் பார்த்தவர்களுக்குப் புரியும். அதற்குப் பயந்துதான் 80களின் பிற்பாதியில் நிதானமாகச் சுடுகிற ரேடியோ அலைக்கு, அதாவது முன்னே சொன்ன 5 லட்சம் சுற்றுக் கரண்டுக்கு, மாறினார்கள்.

இப்போது மறுபடி அடிக்கு வந்திருக்கிறார்கள், ஆனால் துண்டு துண்டாக. ஏறக்குறைய 2000 வோல்ட், ஒவ்வொரு துடிப்பும் மைக்ரோ வினாடிக் கணக்கு. பொறி பறக்க நேரமில்லை, சூடேறவும் பெரிதாக நேரமில்லை. மின்புலம் செல்லின் தோலில் ஓட்டை போடுகிறது. செல் சாகிறது, அதைத் தாங்கியிருந்த நார்ச் சட்டம் அப்படியே நிற்கிறது. சட்டம் சுருங்காததால் சிரை குறுகுவதில்லை. நரம்பையும் உணவுக்குழாயையும் விட இதயத் தசை இந்த அடிக்குச் சீக்கிரம் விழும் என்பதுதான் பெரிய ஆறுதல். அமெரிக்காவில் 2023 டிசம்பரில் முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது, அடுத்த மாதமே இரண்டாவதற்கு.

27 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்தால் கம்பெனி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற கொரோனரி குழாய்க்குப் பக்கத்தில் அடித்தால் குழாய் சுருண்டு பிடித்துக்கொள்வதுண்டு. அதற்கு நைட்ரோகிளிசரின் தயாராக வைத்திருக்கிறார்கள். அடி எண்ணிக்கை கூடினால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போய், சிறுநீரகத்துக்கும் பாரம்.

என் பழைய புகாரும் இங்கே அப்படியே இருக்கிறது. மின்புலம் பலமாகப் பட்ட செல்லில் ஓட்டை நிரந்தரம். ஓரத்தில், லேசாகப் பட்ட செல்லில் ஓட்டை மூடிக்கொள்ளும். மூடும்வரை அது கரண்டைக் கடத்தாது. திரையில்? பிளாக். அடித்த நொடியே எல்லாம் மௌனமாகிவிடுவதால் இந்தப் பொய் சூட்டின் பொய்யைவிட அழகாக இருக்குமாம். சூட்டில் இந்தப் பொய்க்கு வீக்கம் என்று பெயர் வைத்தோம், இப்போது மயக்கம் என்று வைத்துக்கொள்கிறோம்.

8 ஜூன்

கேள்வி கேட்ட தங்கச்சியிடமிருந்து மூன்று மாதம் கழித்துச் செய்தி. ஐந்தாம் வாரம் ஒருமுறை, ஏழாம் வாரம் ஒருமுறை படபடப்பு. அதற்குப் பிறகு இல்லை. மே கடைசியில் ஏழு நாள் ஹோல்டர் (துடிப்பை விடாமல் பதிவு செய்கிற கருவி) போட்டிருக்கிறார்கள், சுத்தமாக இருந்ததாம். ஆக அவருக்கு அது எரிச்சல் வகைதான் போலிருக்கிறது. மாமியாரிடம் தழும்பு விஷயத்தைச் சொன்னதற்கு, "அம்மைத் தழும்பு மாதிரின்னு சொல்லு, எனக்கென்ன காயிலு கீயிலு" என்றாராம். நான் மூன்று மாதம் எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. ஹோல்டர் ஏழு நாளைத்தான் பார்க்கும். இடுக்கு ஒரு வருஷம் கழித்தும் விழித்துக்கொள்ளலாம், எனக்கு ஏழு மாதம் அமைதியாக இருந்து எட்டாவது மாதம்தான் வந்தது. கொண்டாடுங்கள், மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

9 ஜூன்

டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன், பதில் இப்போதுதான் வந்தது. அவர்களுடையதிலும் காய்ச்சல் பற்றி ஒரு வரியும் இல்லை. வேறு மாநிலம், வேறு ஆஸ்பத்திரி.

அடுத்த மாதம் அப்லேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் மூன்று பேர் இங்கே இருக்கிறீர்கள். மார்ச் 15 குறிப்பில் உள்ள அறிகுறிகளைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி, அடியில் "எண்டோஸ்கோப்பி வேண்டாம், சிடி எடுக்கவும்" என்று சிவப்பில் போட்டு, உங்கள் ஆஸ்பத்திரி போன் நம்பரோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மாதம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் 2021-ல் மகள் ஒட்டியது இன்னும் இருக்கிறது, பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில்.